உப்புக்காற்றுக் கரையில் முதல் தக்காளிச் செடி: தரையா, பையா, மீன்பெட்டியா?

இராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோரத்தில், தேவிபட்டினம் முதல் மண்டபம் வரையிலும், அங்கிருந்து தென்மேற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரையிலும், வீட்டோடு நாலு தக்காளிச் செடி வைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர் முதலில் கேட்பது பெரும்பாலும் "என்ன விதை வாங்கலாம்?" என்பதுதான். என் கணக்கில் அது நான்காவதாக வரவேண்டிய கேள்வி. எந்தத் தண்ணீர், எந்த மாதம், எந்த இடம் என்ற மூன்றையும் முடிவு செய்துவிட்டால் விதை ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும். தேனியிலோ மதுரையிலோ வீட்டுத்தோட்டம் போட்டவர்கள் சொல்லும் யோசனைகள் அந்த மண்ணுக்குச் சரியானவையே. அவற்றை அப்படியே நம் மணலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் பொருத்திப் பார்க்கும்போதுதான் செடி நம்மைக் கைவிடுகிறது. ஆகவே முதன்முறை வளர்ப்பவர் முன்னால் உள்ள வழிகளை அந்த வரிசையிலேயே ஒப்பிடுகிறேன்.

உச்சிப்புளிப் பக்கம் குடியிருந்த முதல் ஆண்டில் ஆறு செடிகளுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினேன். ஒரு மாதம் செடிகள் நன்றாகத்தான் இருந்தன. பிறகு அடி இலைகளின் ஓரம், யாரோ தீக்குச்சியால் சுற்றிச் சுட்டதுபோல் பழுப்பாகக் காய்ந்தது. பையின் விளிம்பில் விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டும் வெள்ளைப் பொருக்கு படிந்தது. பிடித்த காய்களில் பாதியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து தோல்போல ஆயிற்று. நோய் என்று நினைத்து மருந்து தேடிக்கொண்டிருந்த என்னிடம் பக்கத்து வீட்டு ஆத்தா, "ஏப்பா, நீ வாயில வைக்க முடியாத தண்ணிய செடிக்கு ஊத்துறியே, அதுக்கு மட்டும் நாக்கு செத்தா போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தண்ணீரை அளந்து பார்த்தேன்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இன்று குடிநீர் இயந்திரம் பழுதுபார்க்க வருபவர் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அவர் வரும்போது போர்த் தண்ணீரையும் ஒரு டம்ளரில் நீட்டினால் போதும். தக்காளி உப்பை ஓரளவே தாங்கும் பயிர். பாசன நீரின் உப்பளவு தோராயமாக 1000 பிபிஎம் (அதாவது லிட்டருக்கு 1000 மில்லிகிராம்) வரை இருந்தால் விளைச்சல் குறையாது. 2000-ஐ நெருங்கும்போது ஏறக்குறையக் கால்பங்கு குறையும். 3000-ஐ நெருங்கினால் பாதி போய்விடும். இந்தக் கணக்கும்கூட, ஊற்றும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்காவது வேரைத் தாண்டிக் கீழே வடிந்து உப்பை அடித்துச் செல்லும் என்ற அனுமானத்தில் போட்டதுதான். வடிகால் இல்லாத தொட்டியில் 1000 பிபிஎம் தண்ணீரும் இரண்டே மாதத்தில் உப்பளம் கட்டிவிடும்.

இந்த அளவை வைத்துப் பார்த்தால் நம் வீடுகளில் கிடைக்கும் தண்ணீர்களின் தரவரிசை தெளிவாகிவிடும். மழைநீர் முதலிடம். காவிரிக் கூட்டுக் குடிநீர் அடுத்தது. ஆனால் குடத்தை வரிசையில் வைத்துப் பிடிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது, வரவும் கூடாது. மேலாக ஊறும் கிணற்று நீரும் மணலில் தோண்டிய ஊற்று நீரும் மழைக்காலம் முடிந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு நன்றாக இருக்கும். கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம்தான் அது என்பதால் கோடையில் இறைக்க இறைக்கக் கரிக்கத் தொடங்கும். ஆழ்துளைக் கிணறு வீட்டுக்கு வீடு மாறும். அளக்காமல் எதுவும் சொல்ல முடியாது. கடைசி இடம், பலர் மிச்சம்பிடிக்கும் எண்ணத்தில் பயன்படுத்தும் ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம்) கழிவுநீருக்கு. மூன்று குடம் உள்ளே போய் ஒரு குடம் குடிநீராகவும் இரண்டு குடம் கழிவாகவும் வெளிவருகிறது என்றால், அந்த மூன்று குடத்து உப்பும் ஏறக்குறைய முழுவதும் இரண்டு குடத்தில் சேர்ந்திருக்கும். 1500 பிபிஎம் தண்ணீர் இப்படி 2250-ஐத் தொடும். அதைத் தரை கழுவப் பயன்படுத்துவதே நல்லது.

மழைநீரை நம்ப முடியுமா என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. காய்ப்பில் இருக்கும் ஒரு செடிக்கு வெயில் நாளில் இரண்டு லிட்டர் வேண்டியிருக்கும். நான்கு செடிகளுக்கு 90 நாள்களுக்கு 720 லிட்டர். வடிந்து போகும் பங்கையும் சேர்த்தால் 900. நூறு சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை விழுந்தால் 900 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையில் ஒரு சிறு பங்கை ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து, வெளிச்சமும் கொசுவும் புகாமல் மூடி வைத்தால், நான்கு செடியின் ஆயுள் முழுவதற்கும் அதுவே போதும். இருபது செடிக்குப் போதாது. முதல் முறை நான்கு செடிகளோடு நின்றுகொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அனுபவமின்மை காரணமல்ல, இந்தக் கணக்குதான். அவ்வளவு பெரிய தொட்டி வாங்க வழியில்லாதவர்கள் 2000 பிபிஎம் போர்த் தண்ணீரோடு மழைநீரைச் சரிபாதி கலந்தால் அளவு 1000 பக்கம் வந்துவிடும்.

நம் மண்ணில் முண்டு மிளகாய் விளைந்து புவிசார் குறியீடே 2023-இல் வாங்கிவிட்டதே, தக்காளிக்கு மட்டும் என்ன இவ்வளவு பதம் என்று ஒரு நண்பர் கேட்டார். முண்டு மிளகாய் பெரும்பாலும் மழையை நம்பி விளைவது. கரிக்கும் போர்த் தண்ணீரை நம்பி அல்ல. உண்மையில் உப்பைத் தாங்குவதில் மிளகாய் தக்காளியைவிடப் பலவீனமானது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: சற்றே உப்பான தண்ணீரில் வளர்ந்த தக்காளி உருவத்தில் சிறுத்தாலும் சுவை கூடியிருக்கும். அந்த ஆறு செடிகளில் தப்பிய காய்கள், நான் இதுவரை தின்றவற்றில் சிறந்தவை என்பதை மறைக்க முடியவில்லை.

அடுத்தது மாதம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற வழக்கு தக்காளிக்கு நம் கரையில் உதவாது. இங்கே நெல்லையே புரட்டாசி பக்கம்தான் விதைக்கிறார்கள். ஆடியில் விதைத்தால் இளஞ்செடி தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மணலடி பட்டு, பூக்கும் காலத்தில் வடகிழக்குப் பருவமழையில் சிக்கும். தையில் விதைத்தால் செடி அழகாக வளர்ந்து, பங்குனி வெக்கையில் பூத்துப் பூத்துக் கொட்டும். இரவு வெப்பம் 21 டிகிரிக்கு மேல் போகப் போகத் தக்காளியில் காய்பிடிப்பு குறையத் தொடங்கும்; பகல் 35-ஐத் தாண்டினால் மகரந்தமே பழுதாகும். கடலையொட்டிய ஊர்களில் மார்கழி இரவுகூட 21-க்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே உள்ளதில் குளிர்ந்த மார்கழியும் தையும் பூக்கும் மாதங்களாக அமையும்படி பின்னோக்கி எண்ண வேண்டும். விதைத்ததிலிருந்து நாற்று நட 25 முதல் 30 நாள், நட்டதிலிருந்து பூக்க ஏறக்குறைய இன்னொரு மாதம். அப்படியானால் பையில் வளர்ப்பவர் ஐப்பசி நடுவிலும், தரையில் வளர்ப்பவர் மழை ஓயட்டும் என்று மூன்று வாரம் பொறுத்துக் கார்த்திகைத் தொடக்கத்திலும் விதைக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் பையைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம். தரைச் செடிக்கு அந்த வசதி இல்லை. இந்த மூன்று வாரம் சிறிது போலத் தோன்றினாலும், கடைசிக் காய்கள் பங்குனி வெயிலுக்கு முன் பழுப்பதா பின் பழுப்பதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இனி இடம். தரையில் நடுவதற்குச் செலவில்லை, வேர் விரும்பிய அளவு ஓடும், மழை முடிந்த கையோடு மணலில் இருந்த உப்பும் கீழே கழுவப்பட்டிருக்கும். வெறும் மணலில் என்ன விளையும் என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் தங்கச்சிமடத்தின் மல்லிகை நாற்றுத் தோட்டங்களைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த மணலில் வேர்விட்ட பதியன்கள்தான் தமிழ்நாடு முழுவதும் மல்லிகைத் தோட்டங்களாக நிற்கின்றன. ஆனால் அந்த மணலுக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது. தக்காளிக்கு மணல் தரையில் மூன்று குறைகள். ஊற்றிய தண்ணீரும் உரமும் நிற்பதில்லை. வேர்முடிச்சு நூற்புழுவுக்கு மணற்பாங்கான நிலம் சொந்த வீடு போன்றது. செடி காரணமில்லாமல் பகலில் வாடி மாலையில் தேறுகிறதென்றால் பிடுங்கிப் பாருங்கள், வேரில் மணி கோத்ததுபோல முடிச்சுகள் இருக்கும். மூன்றாவது, கிளிஞ்சல் கலந்த மணலின் சுண்ணாம்புத் தன்மையால் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்துப்போகும். தரையில்தான் நடுவேன் என்பவர், ஒன்றரை அடிக் குழி எடுத்து, கண்மாய்க் கரம்பையும் (அடியில் படிந்த வண்டல் மண்) மக்கிய ஆட்டெருவும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பி நடலாம். ஆட்டுக்கும் கோழிக்கும் வேலி தனிச் செலவு.

செடிப்பையில் இந்த மூன்று குறைகளும் நம் கைக்குள் வந்துவிடுகின்றன. பைக்கடைகளில் அதிகம் விற்பது 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் கொண்டது. அதில் 22 லிட்டர் மண் பிடிக்கும். 15-க்கு 15 அங்குலப் பையில் 43 லிட்டர் பிடிக்கும். மூன்று அங்குலம்தான் கூடுதல், மண்ணோ இரு மடங்கு. நம் காற்றில் சின்னப் பை மதியத்துக்குள் காய்ந்துவிடும். காய்ந்தும் நனைந்தும் மாறி மாறி இருந்தால், முன்பு சொன்ன காயடி அழுகல் உறுதி. அதற்கு முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். கிளிஞ்சல் மண்ணில் சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம்? மண்ணில் இருக்கும் சுண்ணாம்பைக் காய்வரை கொண்டு சேர்க்க சீரான தண்ணீர் வேண்டும், அதைத் தடுக்கும் உப்பு இருக்கக் கூடாது, அவ்வளவே. ஆகவே பையென்றால் 15 அங்குலப் பைதான் என் தேர்வு.

மண்சட்டி பார்க்க அழகு. ஆனால் சுவர் வழியே தண்ணீர் ஆவியாகி உப்பை உள்ளேயே விட்டுவிடுவதால் நம் கரைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வழி நமக்கு உண்டு: மீன் ஏற்றி இறக்கியபின் மூடி உடைந்து கிடக்கும் தெர்மோகோல் பெட்டி. ஐஸைக் காக்கும் அதே சுவர் வேரையும் சூட்டிலிருந்து காக்கிறது; கறுப்புப் பை மதியத்தில் தொட முடியாமல் சுடும்போது பெட்டியின் மண் கைக்குக் குளிர்ச்சியாக இருப்பதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். அடியிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் பென்சில் கனத்தில் ஆறேழு துளைகள் போட வேண்டும். ஓர் அடிக்குக் குறையாத ஆழம் இருக்கட்டும். குறைகளும் உண்டு: உப்பும் கவிச்சியும் போக மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் கழுவி ஒரு மழையில் கிடத்தாவிட்டால் தெருப்பூனைகள் இரவோடு இரவாக மண்ணைக் கிளறிவிடும், ஈர மண்ணோடு தூக்கினால் நடுவில் விரிசல் விடும், இரண்டாம் ஆண்டு வெயிலில் ஓரம் பொடிந்து உதிரத் தொடங்கும், அந்தத் துகள் காற்றில் பறந்து கடலுக்குப் போகுமுன் பெட்டியை எடுத்துவிட வேண்டும். பணம் செலவழிக்காமல் ஒரு பருவம் பழகிப் பார்க்க நினைப்பவருக்கு இதைவிடத் தோதான தொட்டி இல்லை. அடுத்த ஆண்டும் வளர்ப்பேன் என்று உறுதியாக இருப்பவர் பைக்கே செலவழிக்கலாம்.

பையானாலும் பெட்டியானாலும் உள்ளே போடும் கலவை ஒன்றுதான்: கரம்பை அல்லது செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும்; அதை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை இரண்டு மூன்று முறை இறுத்த பிறகே கலக்க வேண்டும். கடற்கரை மணலைச் சேர்க்கவே வேண்டாம்.

மாடியா முற்றமா என்றால் முற்றம். மாடியில் வெயிலுக்குக் குறைவில்லை, காற்றுக்கும் குறைவில்லை. மார்கழி, தையில் வீசுவது வடகிழக்கிலிருந்து வரும் வாடை என்பதால், வீட்டின் தென்மேற்குப் பக்கம் சுவரின் மறைவில் வைத்த செடிக்கு உப்புத்துளி படிவது குறையும். ஆறு மணி நேர வெயில் கிடைக்கிறதா என்பதை மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். மறைவு இல்லாத வீட்டில் பனையோலைத் தட்டி கட்டலாம். முழுச்சுவரைவிட இடைவெளியுள்ள தட்டி மேலானது. சுவரில் மோதிய காற்று மறுபக்கம் சுழன்று விழும், தட்டியில் புகுந்த காற்று வேகம் குறைந்து வெளியே வரும். கடற்காற்று பலமாக அடித்த நாளின் மறுகாலையில் இலைகளை நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடலாம். தக்காளிப் பூவை உலுக்கி மகரந்தம் உதிர்க்க மற்ற ஊர்களில் காம்பைச் சுண்டிவிடச் சொல்வார்கள். அந்த வேலையை மட்டும் நம் காற்று கூலியில்லாமல் செய்கிறது.

இப்போது விதைக்கு வரலாம். அடுப்படியில் பழுத்த கடைத் தக்காளியைப் பிழிந்து விதைப்பது எல்லோரும் முதலில் செய்வது. முளைக்கும்; ஆனால் சந்தைப் பழம் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம் என்பதால் அதன் பிள்ளைகள் தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. கடையில் வாங்கும் நாற்று ஒரு மாத உழைப்பை மிச்சப்படுத்தும். வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருள் நோயும் அதனோடு வீட்டுக்கு வரலாம். நெருக்கமான நைலான் வலைக்குள் நாமே விதைத்துக்கொள்வது நான்கு செடிக்குப் பெரிய பாரமில்லை. ஐந்து முதல் எட்டு நாளில் முளை தெரியும்.

ரகங்களில் முதன்முறை வளர்ப்பவருக்கு மூன்று பேர் போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வழியாக வந்த பி.கே.எம்.1, குட்டையாகப் புதர்போல நிற்கும், தட்டையான உருண்டைக் காயின் தோளில் பச்சை தெரியும், புளிப்பு உண்டு. மீன்குழம்புக்கு அந்தப் புளிப்பு வேண்டும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருள், பாக்டீரிய வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் எதிர்க்கும் ஒட்டு ரகம். ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டும். மூன்றாவது செர்ரித் தக்காளி. வெக்கையான இரவிலும் பெரிய காய் ரகங்களைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஆளுயரம் ஏறும். காற்றுப்படும் திறந்த முற்றத்துக்குப் பி.கே.எம்.1, அக்கம்பக்கத்தில் கத்தரி, மிளகாய், வெண்டை என்று வெள்ளை ஈக்குத் தீனி நிறைந்த வீட்டுக்கு அர்கா ரக்ஷக், நல்ல மறைவும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு செர்ரி என்பது என் பங்கீடு. எந்த ரகமானாலும் நாற்றின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதி புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டும் வேர்விட்டுக் காற்றுக்கு நிற்கும். மூங்கில் குச்சியில் கட்டப் பழைய சேலைக் கிழிசலே போதும். கைக்கு எட்டும் வலைநூலால் கட்டியவர்களின் செடியை, இரண்டு நாள் வாடைக் காற்றில் தண்டு அறுந்து தொங்கப் பார்த்திருக்கிறேன்.

இலை சுருண்டாலே நச்சுயிரி நோய் என்று பிடுங்கி எறிய வேண்டியதில்லை. வயதான அடி இலைகள் பச்சையாகவே மேல்நோக்கி மடங்கினால் அது வெயிலுக்கும் காற்றுக்கும் செடி கொடுக்கும் பதில். நுனித்தளிர்கள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகிக் கிண்ணம்போலக் குவிந்து, செடியின் வளர்ச்சியும் நின்றால்தான் நோய். அதை அன்றைக்கே அகற்றிவிட வேண்டும்.

பங்குனி இரண்டாம் பாதியில் பூக்கள் கொட்டத் தொடங்கும்போது நிழல்வலை கட்டிச் செடியைச் சித்திரை வரை இழுக்கலாமா, பிடுங்கிவிடலாமா என்பது கடைசித் தேர்வு. மழைநீர்த் தொட்டியில் தண்ணீர் மிச்சமிருந்தால் முன்னது, இல்லையென்றால் பின்னது. பிடுங்கிய பிறகு பை மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். வேர்களை அலசி, முடிச்சு இல்லையென்று கண்டால், மண்ணைப் பையிலேயே விட்டு அடித்துளைகளைக் குச்சியால் குத்திச் சரிசெய்து, கூரைத் தண்ணீர் ஒழுகும் இடத்தில் வரிசையாக வைத்துவிடுங்கள். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசி முதல் வாரத்திலும் பெய்யும் மழை அந்த ஆண்டின் உப்பை வடித்துவிடும். நாற்றுத் தட்டில் புது விதை முளைத்துக்கொண்டிருக்கும்போது, பையின் அடியிலிருந்து ஒழுகும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து, அதே டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். 1000-க்குக் கீழே காட்டினால் எரு மட்டும் சேர்த்து நட்டுவிடலாம், மேலே காட்டினால் இன்னொரு மழைக்குப் பொறுக்கலாம்.